சைக்கலாஜிக்கல் காண்ட்ராக்ட்: ‘உளவியல் ஒப்பந்தம்’ வேண்டாமே

வணக்கம். ‘சைக்கலாஜிக்கல் காண்ட்ராக்ட்’டுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு இங்க கேட்டிருந்தாங்க. கம்பெனி தனக்கு இன்னது செய்யும், பதிலுக்குத் தான் இன்னது செய்யணும்னு வேலை பாக்குறவர் மனசுல நம்பிக்கிட்டிருக்கிறதுதான் அது. இதுவரைக்கும் வந்த சொற்களை எல்லாம் படிச்சேன், என் கருத்து ‘மனவொப்பந்தம்’. ‘உளவியல் ஒப்பந்தம்’ எனக்கு ஒத்துவரல, ஏன்னா உளவியல்ங்கிறது ஒரு படிப்போட பேரு, நாம பேசுறது வேலை பாக்குறவர் மனசுக்குள்ள இருக்கிறதைப் பத்தி.

‘எழுதா ஒப்பந்தம்’னு சிலர் சொல்லியிருக்கீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு பேர் வாய்மொழியா பேசி முடிச்சதும் எழுதாததுதானே, அதுல ரெண்டு தரப்புக்கும் விஷயம் தெரியும். போதாக்குறைக்கு இம்ப்ளைடு காண்ட்ராக்ட்னு தனியா ஒண்ணு இருக்கு, ரெண்டு தரப்பும் ரொம்ப நாளா நடந்துக்கிட்ட விதத்தை வச்சு வெளியாள்கூட ‘ஆமா, இங்க ஒரு கடமை இருக்கு’ன்னு சொல்லக்கூடியது. நிறுவனங்கள்ல மனுஷங்க நடந்துக்கிற விதத்தை ஆராயுற டெனிஸ் ரூசோ 1989-ல எழுதுன கட்டுரையோட அடிப்படையே சைக்கலாஜிக்கல் காண்ட்ராக்டையும் இம்ப்ளைடு காண்ட்ராக்டையும் பிரிச்சுக் காட்டுறதுதான், அதனால ‘எழுதா’வை அந்தப் பக்கம் விட்டுடலாம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். வேலைக்குச் சேரும்போது மேனேஜர் சொல்றார், “ஒரு வருஷம் நல்லா பண்ணுங்க, அப்புறம் பாத்துக்கலாம்.” சொன்னவருக்கு அது வெறும் உற்சாகப் பேச்சு, மறுநாளே மறந்திருப்பார். கேட்டவருக்கு அது ப்ரமோஷன். அதை நம்பி ராத்திரி வர்ற போனை எடுக்கிறார், லீவு நாள்ல லேப்டாப்பைத் திறக்கிறார், வேற கம்பெனில கூப்பிட்டதையும் வேண்டாம்னுட்டார். நடுவுல மேனேஜர் மாறிட்டார், புதுசா வந்தவருக்கு இப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது. இங்க ஒப்பந்தம் எங்க இருக்கு? அந்த ஒருத்தர் மனசுலதான். நிறுவனத்துக்கு மனசு கிடையாது, அதுக்கு இப்படி ஒண்ணு இருக்க முடியாது, மேனேஜர்னு ஒரு தனி ஆளுக்கு வேணா இருக்கலாம்னு ரூசோ அதே கட்டுரையில சொல்றார். ‘மன’ங்கிற முன்னொட்டு வேணும்னு நான் கேக்குறது இதுக்குத்தான்.

இதுக்கு முன்னாடி 1960-ல கிறிஸ் ஆர்கிரிஸ்ங்கிற மேலாண்மை அறிஞர் இந்தக் கருத்தை எழுதினப்போ அது ஃபேக்டரி ஃபோர்மேனுக்கும் தொழிலாளிகளுக்கும் நடுவுல இருந்த புரிதல். எங்க வழக்கத்துல தலையிடாம விடு, நியாயமான கூலியும் வேலைப் பாதுகாப்பும் இருக்கட்டும், நாங்க உற்பத்தியைக் குறைக்க மாட்டோம், புகாரும் பெருசா வராதுன்னு. அங்க ரெண்டு பக்கமும் ஓரளவு புரிஞ்சு வச்சிருந்தாங்க, அதுக்கு ‘உடன்பாடு’ பொருந்தியிருக்கும். ரூசோவுக்கு அப்புறம் அந்தச் சொல் நிக்காது, உடன்பட இன்னொருத்தர் வேணுமே. ‘ஒப்பந்தம்’லயும் அதே சிக்கல் இருக்குங்கிறீங்களா, இருக்குதான், ஆனா தான் ஒரு ஒப்பந்தத்துல இருக்கோம்னு அவர் நம்புறதைக் காட்ட அந்தச் சொல்லு தேவைப்படுது. வெறும் ‘எதிர்பார்ப்பு’ன்னா ரொம்ப லேசாயிடும். ஏசி நல்லா இருக்கணும்னு எதிர்பார்க்கிறதும், வாக்கு குடுத்திருக்காங்கன்னு நம்பி உழைக்கிறதும் ஒண்ணு இல்ல.

இதைவிட எனக்குக் கவலை, இந்த ஒப்பந்தம் உடையும்போது வர்ற ப்ரீச், வயலேஷன்ங்கிற ரெண்டு சொல்லும்தான். நம்ம ஆளுங்க ரெண்டுக்குமே ‘மீறல்’னு போட்டுடறாங்க. மோரிசன், ராபின்சன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1997-ல இதைத் தெளிவா பிரிச்சுட்டாங்க: சொன்னது நடக்கலன்னு அறிவுக்குத் தெரியறது ப்ரீச், அதனால வர்ற கோபமும் ஏமாத்திட்டாங்களேங்கிற வலியும் வயலேஷன். முதலாவது வந்தா ரெண்டாவது வந்தே தீரணும்னு இல்ல, கம்பெனி நெலமை மோசம்னு புரிஞ்சா மனுஷன் பொறுத்துக்குவான். வேணும்னே ஏமாத்தினாங்கன்னு தோணினாதான் வெடிக்கும். முதலாவதுக்கு ‘வாக்குத் தவறல்’, ரெண்டாவதுக்கு ‘மனமுறிவு’ன்னு வச்சா என்ன?

வாக்கியத்துல போட்டுப் பாருங்க: “ஊதிய உயர்வு தள்ளிப்போனதை ஊழியர்கள் வாக்குத் தவறலாகக் கண்டனர், காரணம் முன்கூட்டியே விளக்கப்பட்டதால் மனமுறிவு ஏற்படவில்லை.” எனக்கு உறுத்தல. ‘மனமுறிவு’ காதல் தோல்வி மாதிரி ஒலிக்குதுன்னு யாருக்காவது தோணினா மாத்துச் சொல் சொல்லுங்க, ஆனா ரெண்டுக்கும் ஒரே சொல்லு மட்டும் வேண்டாம்.