ஹெத் வின் நினைவுச் சின்னங்கள்: மேய்ப்பன் சிலை, கறுப்பு நாற்காலி, கல்லறைக் கல் – எது நியாயமானது?

தேன்மொழி:
வேல்ஸ் கவிஞர் ஹெத் வின்னை நினைவுகூரும் விதத்தில் எனக்கு ஒரு புகார் உண்டு. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இயற்பெயர் எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ், 1887-இல் பிறந்தவர். வட வேல்ஸில் ட்ரவ்ஸ்வனித் ஊருக்குப் பக்கத்தில் ‘அர் அஸ்குர்ன்’ என்ற பண்ணையில் ஆடு மேய்த்தபடி கவிதை எழுதியவர். முதல் உலகப் போரில், 1917 ஜூலை 31, பெல்ஜியத்தில் நடந்த பாஸ்சன்டேல் சண்டையின் முதல் நாளே பில்கெம் மேட்டில் இறந்தார். ஐந்து வாரம் கழித்து, செப்டம்பர் 6 அன்று, பர்க்கன்ஹெட்டில் நடந்த தேசிய ஐஸ்டெத்வாட் என்ற வேல்ஷ் கலை இலக்கியப் போட்டி விழாவில் நாற்காலிப் பரிசு (வென்ற கவிஞருக்கு ஒரு நாற்காலியையே தருவார்கள்) அவர் கவிதைக்குத்தான். போட்டிக்கு அனுப்பிய புனைபெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து நிற்க ஆளில்லை. நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள்.

என் புகார்: ஊரில் இருக்கும் வெண்கலச் சிலை மேய்ப்பன் உடையில். நினைவில்லமாக இருக்கும் பண்ணை வீடு பழைய அடுப்பும் மேசையுமாக. நாற்காலியோ கண்ணீர்க் கதை. 1916-இல் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது, அந்த வீட்டிலிருந்து ஒருவர் போயே ஆக வேண்டும், தம்பி போகக் கூடாதென்று இவர் போனார். இது எந்தச் சின்னத்தின் முகத்திலும் இல்லை. ஆள் எடுத்த அரசின் பிரதமர் லாய்ட் ஜார்ஜ் அன்றைக்கு விழாவுக்கு வந்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலைச்சாமி:
சிலை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. முப்பது வருட வாழ்க்கையில் அவர் ராணுவத்தில் இருந்தது 1917-இன் அந்த அரை வருடம்தான். அதிலும் சில வாரம் உழவுக்காகக் கிடைத்த விடுப்பில் வீட்டில் கழிந்தது. பரிசுக் கவிதையையே அந்த விடுப்பிலும் முகாமிலும் எழுதிப் பிரான்ஸிலிருந்து தபாலில் சேர்த்தார். இப்படிப்பட்டவரைத் துப்பாக்கியும் கையுமாக நிறுத்தினால் அதுதான் பொய். 1923-இல் சிலையைத் திறந்து வைத்தது அவருடைய அம்மா மேரி. பெற்றவள் பார்த்த பிள்ளை மேய்ப்பன்தானே? பிரிட்டன் முழுக்க ஊருக்கு ஒரு போர்வீரன் சிலை எழுந்த காலம் அது. அந்த அலைக்கு நடுவே மெரிஃபீல்ட் என்ற சிற்பி சீருடை இல்லாமல் வார்த்தார். எனக்கு அது துணிச்சல்.

தேன்மொழி:
சிலையைப் பார்த்தீர்கள் சரி, பீடத்தில் இருப்பதைப் படித்தீர்களா? அங்கே பொறித்திருப்பது ஒரு ‘எங்லின்’, வேல்ஷ் மரபுக் குறுங்கவிதை. 30 அசை, நான்கடி, 10-6-7-7 என்று பிரியும், முழுக்க ஒரே இயைபு. போரில் மாண்ட நண்பனுக்காக ஹெத் வின் எழுதியது. ‘இவன் தியாகம் வீண் போகாது, அன்பு முகம் மறக்காது, ஜெர்மனி தன் இரும்பு முஷ்டியை இவன் ரத்தத்தில் தோய்த்தாலும்’ என்று போகும். மேலே சாதுவான மேய்ப்பன், கீழே எதிரியின் முஷ்டியில் ரத்தக் கறை. இன்னொருவருக்குப் பாடிய இரங்கலை எடுத்துப் பாடியவர் மேலேயே ஒட்டிவிட்டார்கள். போருக்குள் அவரை இழுத்த சொந்த அரசு பற்றி ஒரு எழுத்து உண்டா? ‘போர்’ என்ற தலைப்பில் அவரே எழுதிய கசப்பான கவிதை இருக்கிறதே, அதிலிருந்து நாலு வரி வெட்டியிருக்கலாம்.

மலைச்சாமி:
1923-இல் ஊர்க்காரர்கள் காசு போட்டு எழுப்பிய சிலையில் அரசைத் திட்டி வரி வெட்டுவார்களா? அந்த ஊரில் மகனைப் பறிகொடுத்த வீடு இது ஒன்று மட்டும் இல்லை. நண்பனுக்கு எழுதிய வரி அங்கே இருப்பதால் அது ஒட்டுமொத்த ஊர் இழப்புக்கும் பொருந்துகிறது. எனக்கு அதில் உறுத்தல் இல்லை.

மரப்பேழை:
சிலைச் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். பலரும் தப்பாகச் சொல்லும் ஒன்று: அது கறுப்பு நிற நாற்காலி இல்லை. கறுப்பு என்பது அன்று போர்த்திய துணிக்கு. நாற்காலி ஓக் மரம். பெல்ஜியத்தின் மெக்கலென் நகரிலிருந்து போருக்குத் தப்பி பர்க்கன்ஹெட்டில் தங்கியிருந்த அகதி, யூஜின் வான்ஃப்ளெட்டெரென், செதுக்கியது. டிராகன்களும் கெல்ட்டியப் பின்னல்களுமாக நெருக்கமான வேலைப்பாடு. பெல்ஜிய அகதி செய்த நாற்காலி, பெல்ஜிய மண்ணில் செத்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. இதைவிடப் போரைப் பற்றிப் பேசும் பொருள் வேறென்ன வேண்டும் தேன்மொழி?

செதுக்கு வேலை நெருக்கமாக இருப்பதுதான் பராமரிப்பில் தலைவலி. தூசி குழிகளில் அடையும். முந்தைய தலைமுறைகள் பளபளப்புக்காக மெழுகு மேல் மெழுகு பூசினால், தூசியும் மெழுகும் கெட்டியாகிச் செதுக்கின் கூர்மை மழுங்கும். அதை மென்தூரிகை, கரைப்பான், பஞ்சுக்குச்சி என்று விரல் அகலம் விரல் அகலமாகத்தான் எடுக்க முடியும். கைப்பிடி நுனியை வருபவர் எல்லாம் தடவினால் வியர்வை உப்பு ஏறி அந்த இடம் மட்டும் கறுக்கும்.

கடற்கரைத்தெரு:
அப்படியானால் அந்த நாற்காலியைக் கார்டிஃப் பக்கம் செயின்ட் ஃபேகன்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் வைப்பதுதானே முறை? ட்ரவ்ஸ்வனித் மழை ஊர். நாற்காலி இப்போது இருக்கும் பண்ணை வீடு கல் சுவர் வீடு. சிறிய கூடம். ஈரக் கோட்டோடு இருபது பேர் நுழைந்தால் அந்த அறையின் ஈரப்பதம் அரை மணியில் எங்கே போகும்? மரத்துக்கு ஈரத்தை விட ஏற்ற இறக்கம்தான் எமன். குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்டுக் காற்றை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் பலகை சுருங்கி மூட்டு இளகும், பிளவு விழும். 65, 70-ஐத் தாண்டினால் பூஞ்சை, மரப்புழு. கண்ணாடிப் பேழையில் போட்டுப் பூட்டினால் தீர்ந்தது.

மரப்பேழை:
பேழை தேவையில்லாமலே சமாளிக்கலாம் சார். வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரை ஓட்டுவதை விட்டுவிட்டு ஈரப்பதத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும். சுவரில் ஈரப்பத உணரி. 58 சதவீதத்தைத் தாண்டினால் மெல்லச் சூடேறும், இறங்கினால் நிற்கும். பிரிட்டனில் பழைய வீடுகளைக் காப்பவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்வது இதுதான். குளிர்காலத்தில் அறை 12, 13 டிகிரியில் கிடக்கும், வருபவர்கள் கோட்டைக் கழற்ற மாட்டார்கள், மரம் நிம்மதியாக இருக்கும். வெளிச்சத்தை 200 லக்ஸுக்குள் நிறுத்தி, ஜன்னலுக்குப் புறஊதா தடுக்கும் படலம் ஒட்டினால் நிறமும் வெளிறாது.

அதைவிட முக்கியம் சுவர். பழைய கல் சுவரின் இணைப்புகளில் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால், கல்லுக்குள் போன மழைநீர் வெளியேற வழியில்லாமல் உள்பக்கம் வரும். சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைத்தால் சுவர் மூச்சு விடும். இதைச் செய்யாமல் உள்ளே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைப்பவர்கள் காசைக் கரியாக்குகிறார்கள்.

கடற்கரைத்தெரு:
தொழில்நுட்பம் சரி. ஆனால் அந்த மலைச்சாலையில் எத்தனை பேர் போவார்கள்? தேசியச் சின்னம் என்றால் தேசம் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

மலைச்சாமி:
கூட்டம் குறைவாக வருவதுதான் அந்த வீட்டுக்கு நல்லது. அங்கே இருப்பது ஒரு நாற்காலி இல்லை, ஆறு. 1907-இல் பாலாவில் வென்றது முதல் உள்ளூர் விழாக்களில் வாங்கியவையும் அங்கேதான். கறுப்பு நாற்காலியை மட்டும் பெயர்த்து எடுத்தால், செத்ததால் புகழ் பெற்றவன் என்ற கதைதான் மிஞ்சும். ஆறும் சேர்ந்து நின்றால்தான் பத்து வருடம் தொழிலாகக் கற்ற கவிஞன் தெரிவான். 1916-இல் அபெரிஸ்ட்வித் தேசிய விழாவில் இரண்டாமிடம் வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், 1917 பரிசு அனுதாபப் பரிசு என்று எவரும் பேச முடியாது.

கதவைத் திறந்தே வைப்பேன் என்று பாட்டிக்கு வாக்குக் கொடுத்து, கவிஞரின் தங்கை மகன் ஜெரால்ட் வில்லியம்ஸ் காலமெல்லாம் வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டினார். 2012-இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ஆணையம் வாங்கி, புதுப்பித்து, 2017 நூற்றாண்டில் மறுபடி திறந்தது. தனி மனிதர் கொடுத்த வாக்கை ஒரு பொது நிறுவனம் ஏற்று நடத்துகிறது. இதை உடைத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொல்கிறீர்கள். வெளியூர்க் கண்காட்சிக்கு வேண்டுமானால் நகல் போகட்டும்.

ஏட்டுச்சுருள்:
நீங்கள் எல்லாரும் வேல்ஸிலேயே சுற்றுகிறீர்கள். உடல் கிடப்பது பெல்ஜியத்தில், பூஸிங்கே பக்கம் ஆர்ட்டிலரி வுட் கல்லறைத் தோட்டத்தில். அங்கே ஏறத்தாழ 1,300 கல்லறைகள். அதே நாளில் இறந்த ஐரிஷ் கவிஞர் ஃப்ரான்சிஸ் லெட்விட்ஜும் அங்கேதான். போர்க் கல்லறை ஆணையத்தின் விதி கறாரானது: 2 அடி 8 அங்குல உயரம், 1 அடி 3 அங்குல அகலம், 3 அங்குலத் தடிமன், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு. குடும்பம் சேர்க்கும் வரிக்கு 66 எழுத்து வரம்பு, இடைவெளியும் எழுத்துக் கணக்கில் வரும். அந்த வரம்புக்குள், போருக்குப் பின் மனுப் போட்டு ‘அ ப்ரிவார்த் ஹெத் வின்’ என்று சேர்க்க வைத்தார்கள். ப்ரிவார்த் என்றால் தேசிய விழாவில் வென்ற தலைமைக் கவிஞன். இடைவெளி சேர்த்து 19 எழுத்து.

தேன்மொழி கேட்கும் போர் அங்கே இருக்கிறது: படைப்பிரிவு, தேதி எல்லாம் கல்லில். மலைச்சாமி கேட்கும் கவிஞனும் இருக்கிறான்.

தேன்மொழி:
ஏற்கிறேன், அந்தக் கல் நேர்மையானது. ஆனால் அதைப் பார்க்கப் பெல்ஜியம் போக வேண்டும். ஊர்ச் சதுக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் தினமும் பார்ப்பது சிலையை. சிலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு பலகை வைத்து, ஆள்சேர்ப்பையும் தம்பிக்குப் பதிலாகப் போனதையும் எழுதட்டும் என்கிறேன்.

மரப்பேழை:
பலகை வைப்பதாக இருந்தால் பீடத்தில் துளை போட விடாதீர்கள். இரும்பு ஆணி துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். தனிக் கம்பத்தில், சிலையிலிருந்து இரண்டடியாவது தள்ளி. வெண்கலத்தில் வழியும் மழைநீர் பச்சைக் கறை விடும், பலகை அதன் கீழே வரக் கூடாது. சிலைக்கு வருடம் ஒரு முறை மென்சோப்பில் கழுவி மெழுகு பூசுபவர்களே இதையும் துடைத்துவிடலாம்.

மலைச்சாமி:
பலகைக்கு நான் எதிரி இல்லை. வாசகத்தை யார் எழுதுவது என்பதில்தான் அடுத்த சண்டை. முதலில் வேல்ஷ் மொழியில் எழுதச் சொல்லுங்கள்.

தேன்மொழி:
அதில் சண்டையே இல்லை.