இருபத்தைந்து வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது

ஜூரோங் வாசி:

இளவயது ‘என்னிடம்’ ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால், கல்யாணம் முடிந்த வாரமே மசே நிதி நியமனத்தை, அதாவது சிங்கப்பூரின் மத்திய சேம நிதியில் நீ சேர்த்த பணம் உனக்குப் பின் யாருக்கு என்று எழுதும் படிவத்தை, புதிதாக எழுது என்பேன். காதலையும் கனவையும் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் உண்டு. இதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கப்பல் பட்டறை ஒன்றின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் பாரந்தூக்கி ஓட்டுநர் ஒருவர் மாரடைப்பில் காலமானார். கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. அவருடைய மனைவியும் தாயாரும் ஒன்றாக வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அந்த அம்மா பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டார். மகன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாயின் பெயருக்கு எழுதிய நியமனத்தின் நகல் அது.

“என் பெயரில்தான் எழுதியிருக்கிறான். எனக்கு எதற்கம்மா? எல்லாவற்றையும் இந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள்” என்றார்.

அந்தக் காகிதம் மகனுக்குக் கல்யாணமான அன்றே செல்லாமல் போய்விட்டது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. திருமணம் முந்தைய நியமனத்தை ரத்து செய்துவிடும். உயில் எழுதியிருந்தாலும் மசே நிதிப் பணத்துக்கு அது செல்லாது. நியமனம் இல்லாவிட்டால் பணம் பப்ளிக் டிரஸ்டி என்ற அரசு அலுவலகத்துக்குப் போய், வாரிசுரிமைச் சட்டப்படி பிரிக்கப்படும். அதற்குக் கட்டணமும் உண்டு. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பாதி மனைவிக்கு, பாதி பெற்றோருக்கு. முஸ்லிம்களுக்குச் சட்டம் வேறு.

மாமியாரும் மருமகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அதனால் அந்தக் குடும்பம் உடையவில்லை. எல்லா வீடும் அப்படி இருக்காது. பங்கு கேட்டு அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டதையும் அதே மேசையில் இருந்து பார்த்திருக்கிறேன். நியமனம் செய்யக் காசு கிடையாது. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக வீட்டிலிருந்தே செய்யலாம். 21 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பொங்கோல் வாசி:

அக்கா சொன்னதோடு வட்டியையும் சேர்த்துக்கொள்கிறேன். இரவு வேலையில் எங்கள் மூத்த மேற்பார்வையாளர் தேநீர் குடித்துக்கொண்டே ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். மசே நிதிக்குள் பல கணக்குகள் உண்டு. 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அதன் சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காட்டில் 30 ஆண்டு கிடந்தால் ஏறக்குறைய 2,100 வெள்ளி. அதைச் சிறப்புக் கணக்குக்கு மாற்றி 4 விழுக்காடு கிடைத்தால் 3,240க்கு மேல். இளமையில் மாற்றினால்தான் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் அவர் உடனே விரலை நீட்டி, “வீடு வாங்கியாகிவிட்டதா தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இன்றும் அவரை மதிக்கிறேன். சிறப்புக் கணக்குக்கு மாற்றிய பணம் திரும்பி வராது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கும் அதை எடுக்க முடியாது. இளவயது எனக்கும் சொல்வேன்: முதலில் வீட்டுக்கு வேண்டியதை ஒதுக்கு, மிச்சத்தை மாற்று. வீட்டுக்கு எடுத்த மசே நிதிப் பணத்தை, வீட்டை விற்கும்போது வட்டியோடு உன் கணக்கிலேயே திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் அப்போதே தெரிந்துகொள். விற்ற விலை முழுவதும் கைக்கு வரும் என்று எண்ணி அடுத்த வீட்டுக்கு முன்பணம் பேசாதே.

உட்லண்ட்ஸ் வாசி:

ஒன்று விட்டுப்போயிற்று. திருமணம் நியமனத்தை ரத்து செய்யும், மணவிலக்கு ரத்து செய்யாது. என் தம்பி மணவிலக்குப் பெற்று நாளாகிறது. நேற்று இதைப் படித்ததும் அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். பழைய பெயர்தான் இன்னும் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் பெயருக்கு மாற்ற நானும் என் கணவரும் சாட்சி.