சுவிஃப்டைப் பதிக்கிற கதை

கஜன்: மாமா, என் சுவிஃப்ட் காரைக் கொஞ்சம் உயரம் குறைத்துப் பதிக்கலாம் என்று பார்க்கிறேன். நண்பன் ஒருவன் லோவரிங் ஸ்பிரிங், அதுதான் பதிக்கிற ஸ்பிரிங், செற் ஒன்று தருகிறான், 40 மில்லிமீற்றர் இறங்குமாம். சொக் அப்சோபர் இருக்கிறதையே விடலாம்தானே?

ரவி மாமா: எது, காரோடு வந்த அந்தப் பழைய சொக்கா?

கஜன்: ஓம். ஒயில் ஒன்றும் கசியவில்லை.

ரவி மாமா: கசியாவிட்டால் நல்ல சொக் என்று அர்த்தமில்லைத் தம்பி. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங் ஆடுவதை அடக்குவது சொக். பதிக்கிற ஸ்பிரிங் கட்டை மட்டுமில்லை, இறுக்கமும் கூட, இல்லாவிட்டால் உயரம் குறைந்த கார் பள்ளத்துக்குப் பள்ளம் அடியில் இடிக்கும். இறுகின ஸ்பிரிங் அமுங்கி நிமிர்கிற வேகத்தைக் களைத்துப்போன சொக் பிடிக்காது, பிறகு பலாலி வீதியில் தவளை மாதிரித்தான் போவாய்.

சுதா சித்தி: அந்தக் காரில்தான் என்னை நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னவன்

தீபன் (கனடா): கஜன், 40 பதித்தால் அந்த 40ம் முன்சொக் அமுங்குவதற்கு இருந்த இடத்தில்தான் குறையும். மிச்சம் கொஞ்சம்தான், அப்புறம் சொக்கின் தண்டு பம்ப் ஸ்ரொப்பில், அதுதான் அடி முட்டாமல் தடுக்கிற றப்பரில், போய் நிற்கும். ஐந்து பேர் ஏறினால் ஓட்டம் முழுக்க றப்பரில்தான்.

கஜன்: றப்பரை வெட்டிவிட்டால்?

தீபன் (கனடா): ஸ்பிரிங் கம்பெனி தாளில் இவ்வளவு வெட்டு என்று போட்டிருந்தால் வெட்டு. சும்மா வெட்டினால் பிஸ்டன் சொக்கின் அடியில் போய் அடிக்கும், சொக் முடிந்தது. பதித்த காருக்கென்றே கட்டைச் சொக் வருகிறது. பில்ஸ்டீன் கம்பெனியில் பி6 சாதாரண உயரத்துக்கு, பி8 பதித்ததற்கு. படத்தில் இரண்டும் மஞ்சள், பார்த்து ஏமாறாதே. கேவைபி கம்பெனியின் நியூ எஸ்ஆர் ஸ்பெஷல் சொக்கும் பதிக்கிற ஸ்பிரிங்கோடு போகும். உன் மொடலுக்கு எது வருகிறது என்று முதலில் பார், ஸ்பிரிங்கைப் பிறகு தெரிவு செய்.

ரவி மாமா: அதோடு அந்த ஸ்பிரிங் சுவிஃப்டுக்கு உரியதுதானா? ஜாக்கில் தூக்கி ரயர் தொங்கும்போது ஸ்பிரிங் கையால் சுற்றக்கூடியதாகத் தளர்ந்திருந்தால் போடவே கூடாது, அது உட்காருகிற தட்டை விட்டு விலகும். பின்பக்கம் உனக்கு ஸ்பிரிங் வேறு சொக் வேறாக இருக்கிறது, அதையும் பார்க்கவேண்டும்.

கஜன்: அப்போ 25 அளவில் இறங்குகிற புதுச் செற் எடுக்கவா?

ரவி மாமா: அது புத்தி. எங்கள் ஒழுங்கையில் மாரி வெள்ளம் நிற்கிறபோது 40 குறைந்த காரை நீதான் தள்ளவேண்டி வரும். முன்சொக்கைக் கழற்றுகிற நேரம் அதன் தலையைப் பிடிக்கிற மேல் மவுண்டையும் பெயாரிங்கையும் மாற்று, கூலி ஒன்றுதான். ஸ்பிரிங் அமுக்குகிற கருவி இல்லாமல் வீட்டில் கழற்றுகிற வேலை வேண்டாம், நழுவினால் முகத்துக்கு வரும்.

தீபன் (கனடா): மாட்டினவுடன் வீல் எலைன்மென்ட். பதித்ததும் ரயர் உள்பக்கம் சாயும், அதுவல்ல பெரிய பிரச்சினை, டோ, அதாவது ரயரின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பி நிற்கிற அளவு, விலகினால்தான் ரயரின் உள்விளிம்பு கெதியாகத் தேயும்.

கஜன்: கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பாவித்த சொக் மலிவாம் மாமா

ரவி மாமா: யாரோ ஓட்டி முடித்த சொக்கை வாங்கவா இவ்வளவு நேரம் கதைத்தோம்? புதிது எடு, காசு பத்தாவிட்டால் இரண்டு மாதம் பொறு, பழைய ஸ்பிரிங்கோடேயே ஓடு.

சுதா சித்தி: இரண்டு மாதம் பொறுப்பதே நல்லது, கோயில் திருவிழா முடிந்துவிடும்

தீபன் (கனடா): செசி நம்பரைத் தனியாக அனுப்பு, விலை கேட்டுப் பார்க்கிறேன். நாலு சொக்குக்கும் சேர்த்து.