‘கல்ச்சுரல் சேஃப்டி’: பண்பாட்டுப் பாதுகாப்பு என்பது பொருந்துமா?

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

செவிலியக் கலைச்சொல் பட்டியலில், பராமரிப்பால் நோயாளியின் பண்பாட்டு அடையாளம் சிறுமைப்படாத நிலையைக் குறிக்கும் ‘கல்ச்சுரல் சேஃப்டி’க்கு நேரே ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்று இட்டிருக்கிறீர்கள். இதை மாற்றியே ஆக வேண்டும். தமிழில் இந்தத் தொடரைப் பார்ப்பவர் பண்பாட்டைப் பாதுகாப்பது என்றுதான் எடுத்துக்கொள்வார். நாட்டார் கலை, பழைய கோயில் என்று தொடங்கிக் கலாசாரக் காவலர்கள் வரை மனம் போய்விடும். இங்கே காக்கப்பட வேண்டியது பண்பாடு அல்ல, படுக்கையில் இருக்கும் மனிதர்.

தொகைக்குள் உருபு மறைந்திருப்பதால் வரும் சிக்கல் இது. கண் பாதுகாப்பு கண்ணைக் காப்பது. தீப் பாதுகாப்பு தீயிலிருந்து காப்பது. சாலைப் பாதுகாப்பு சாலையில் காப்பது. இவை பழகிவிட்டன. ஆனால் உணவுப் பாதுகாப்பைப் பாருங்கள்: கலப்படத்தைப் பிடிக்கும் துறைக்கும் அதே பெயர், 2013இல் வந்த ரேஷன் தானியச் சட்டத்துக்கும் அதே பெயர். இன்னொரு குழப்பத்தை நாமே உண்டாக்க வேண்டாம்.

சொல் பிறந்த இடம் நியூசிலாந்து. 1980களின் இறுதியில் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த கூட்டம் ஒன்றில், அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனத்துச் செவிலிய மாணவி ஒருவர் எழுந்து, சட்டம், அறநெறி, மருத்துவச் செயல்முறை என்று எல்லாவற்றிலும் பாதுகாப்பைப் பேசுகிறீர்களே, பண்பாட்டு நிலையில் பாதுகாப்பு எங்கே என்று கேட்டார். மாவோரிச் செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டென் அதைக் கோட்பாடாக வளர்த்தெடுத்தார். 1992இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் பாடத்திட்டத்தில் சேர்த்தது.

கோட்பாட்டின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்பவர் செவிலியர் அல்ல, அதைப் பெற்றவர். அமெரிக்காவின் மேடலின் லெய்னிங்கர் வகுத்த ‘பண்பாடு கடந்த செவிலியம்’ நோயாளியின் பண்பாட்டைக் கற்கச் சொல்லும். ராம்ஸ்டென் செவிலியரைத் தம் பண்பாட்டையும் தம் கையில் உள்ள அதிகாரத்தையும் முதலில் பார்க்கச் சொன்னார். நம் சொல்லில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

வார்டில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மாவோரி மரபில் தலை ‘டாப்பு’; புனிதமும் விலக்கும் சேர்ந்த நிலை. தலைக்கு வைத்த தலையணையை எடுத்துக் காலுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது. உணவும் உடற்கழிவும் ஒரே பரப்பில் படக் கூடாது. செவிலியர் பெட்பேனை (படுக்கையிலேயே மலசலம் கழிக்க உதவும் கலம்) சாப்பாட்டு மேசையில் ஒரு நிமிடம் வைக்கிறார். பிறகு கிருமிநாசினி போட்டுத் துடைத்துவிடுகிறார். தொற்றுத் தடுப்பு விதிப்படி குறையில்லை, கேஸ் ஷீட்டில் ஒன்றும் ஏறாது. ஆனால் அந்த மேசையில் வைத்த மதிய உணவு அப்படியே திரும்பிப் போகிறது. அந்த நோயாளி அடுத்த முறை மருத்துவமனைக்கு வராமலேயே இருந்துவிடலாம். நடந்தது தீங்குதான். அதைப் பதிவேட்டில் எழுத நம்மிடம் ஒரு பெயர்ச்சொல் வேண்டும்.

இதையே ‘மாவோரி என்றால் தலையணை உறை தனி நிறம்’ என்று மனப்பாடப் பட்டியலாக்கினால் மறுபடியும் தவறு நேரும். எல்லா மாவோரியும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. கேட்டுவிட்டுச் செய்வதுதான் முறை.

*

அன்புள்ள அம்மா,

உங்கள் மறுப்பு சரி. இரண்டு மாற்றுகளை வைக்கிறேன். ஒன்று, பண்பாட்டு ஏமம். நாட்டுக்கு அணியான ஐந்தில் ஒன்றாகக் குறள் சொல்லும் ஏமம்தான். பாதுகாவல் என்று பொருள். மற்றொன்று, பண்பாட்டுத் தீங்கின்மை. மாவோரி மொழியில் இதைக் ‘கவா ஃபகாருருஹாவ்’ என்கிறார்கள். அதில் ஒதுங்கிடம் என்ற பொருள் இருக்கிறது. அதை ஒட்டிப் ‘புகல்’ என்றும் யோசித்தேன்.

பட்டியலில் அடுத்து ‘வொர்க்ஃபோர்ஸ் டைவர்சிட்டி’ நிற்கிறது. இலங்கையில் பணியாளர் தொகுதிக்கு வழங்கும் ஆளணி என்ற சொல்லை எடுத்து ‘ஆளணிப் பன்மை’ எனலாமா?

*

ஐயா, வணக்கம்.

ஏமம் அழகான சொல். ஆனால் முதலாண்டு மாணவர் காதில் ‘ஏமாற்றம்’தான் விழும். அதோடு ஏமம், காப்பு, புகல் மூன்றிலும் காப்பவர் ஒருவர் மேலே நிற்கிறார். செவிலியர் காவலர் இடத்துக்குப் போய்விடுவார். ராம்ஸ்டென் கேள்விக்கு உட்படுத்தியதே அந்த இடத்தைத்தான். தீங்கின்மை பொருளில் மிக நெருங்கி வருகிறது. ஆனால் அறநெறிப் பாடத்தில் ‘தீங்கிழையாமை’ ஏற்கனவே இருக்கிறது. அது செவிலியரின் செயல், இது பெறுபவரின் நிலை. தேர்வுத் தாளில் இரண்டும் கலந்துவிடும்.

என் பரிந்துரை: பண்பாட்டு ஊறின்மை. ‘ஊறு விளைவிக்கும்’ என்ற வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. கிளைச்சொற்களும் எளிதில் பிறக்கின்றன: பண்பாட்டு ஊறு, ஊறு நேர்தல், ஊறு தரும் நடைமுறை. பாதுகாப்பு என்று வைத்தால் எதிர்ச்சொல் ‘பாதுகாப்பின்மை’ ஆகும். அதை ஒரு நிகழ்ச்சியாகப் பதிவேட்டில் எழுத முடியாது. ‘உணவு மேசையில் பெட்பேன் வைத்ததால் பண்பாட்டு ஊறு நேர்ந்ததாக நோயாளி கூறினார்’ என்று எழுத முடியும். ‘நோயாளி கூறினார்’ என்பது வாக்கியத்தில் தானாக வந்து உட்காருவதையும் பாருங்கள்.

ஒரு தடை உண்டு. ஐம்புலன் வரிசையில் ஊறு என்றால் தொடுவுணர்வு. தொட்டுச் செய்யும் தொழிலில் தொடுகைக்கும் தீங்குக்கும் ஒரே சொல் வருவதைக் குறையாக நான் நினைக்கவில்லை. வரையறையில் பொருளைத் தெளிவாக்கிவிடலாம். இதை எட்டும் படிநிலைகளில் முன்னால் வரும் ‘கல்ச்சுரல் அவேர்னஸ்’, ‘கல்ச்சுரல் சென்சிட்டிவிட்டி’ இரண்டையும் பண்பாட்டு அறிதல், பண்பாட்டு நுண்ணுணர்வு என்று வைப்போம்.

ஆளணியை ஏற்கிறேன். பன்மை இலக்கணச் சொல்லாகவே காதில் விழுவதால் ‘ஆளணிப் பல்வகைமை’ நல்லது. தமிழ்நாட்டு வாசகருக்குப் பணியாளர் பல்வகைமை என்றும் பக்கத்தில் இடலாம். ஆனால் பண்பாட்டு ஊறின்மையையும் ஆளணிப் பல்வகைமையையும் ஒன்றுக்கு ஒன்று ஈடாகக் காட்டக் கூடாது. நியூசிலாந்து மக்களில் மாவோரிகள் ஏறத்தாழ 17 விழுக்காடு, செவிலியரில் ஏறத்தாழ 7 விழுக்காடு. அந்தச் சிலரையே ஒவ்வொரு மாவோரி நோயாளிக்கும் கூப்பிட்டால், தம் படுக்கைகளையும் பார்த்துக்கொண்டு மொழிபெயர்ப்பு, உறவினர் சந்திப்பு எல்லாம் அவர்கள் தலையில் விழும். ஷிப்ட் அட்டவணையில் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்காது. இதற்கும் சொல் வேண்டும்: பண்பாட்டுப் பணிச்சுமை.

பட்டியலுக்கான வரையறை: ‘பண்பாட்டு ஊறின்மை: பராமரிப்பாளரின் பண்பாடோ அதிகாரமோ தம் அடையாளத்தைச் சிறுமைப்படுத்தவில்லை என்று பராமரிப்பைப் பெற்றவர் தாமே சொல்லும் நிலை. அகவை, பாலினம், சமயம், தொழில், உடற்குறை, இனம் அனைத்தும் இதில் அடங்கும்.’ ‘தாமே சொல்லும்’ என்பதை மட்டும் பதிப்பில் வெட்டிவிடாதீர்கள், ஐயா.