மிளகாய், கத்தரி வேரில் மைக்கோரைசா பிடித்ததா என்று எப்படிப் பார்ப்பது?

டோங்காட் தோட்டம்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, டோங்காட் பக்கம். முன்பு கரும்பு நின்ற நிலம். இப்போது மிளகாய், கத்தரி, அவரை. நாற்று விற்கும் இடத்தில் மைக்கோரைசா (வேரோடு கூட்டுவாழும் பூஞ்சை) தூள் கொடுத்து, நடும் குழியில் ஒரு தேக்கரண்டி போடச் சொல்கிறார்கள். இலை பசுமையை வைத்துப் பலனை முடிவுசெய்ய மனமில்லை. கோழி எரு போட்டாலும் இலை பசுமையாகும். பூஞ்சை வேருக்குள் போனதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளியில் 400 மடங்கு பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. ஆய்வகச் சாயம் இல்லாமல் முடியுமா? தூளுக்குப் பதில் பைன் தோப்பு மண்ணே போதும் என்கிறார் ஒருவர். சரியா?

வேர்நோக்கி:
முடியும் அண்ணா. பேனா மையும் வெள்ளை வினிகரும் போதும். 1998-இல் ஃபியர்ஹைலிக் குழுவினர் வெளியிட்ட முறை இது. பழைய முறையில் வரும் டிரைபான் நீலம் புற்றுநோய் ஐயம் உள்ள சாயம். பள்ளியில் அதைத் தொடவே வேண்டாம்.

நட்டு ஆறு வாரமாவது ஆன செடியை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். தடித்த வேர் உதவாது. நூல் போன்ற சல்லிவேர்தான் வேண்டும்; செடியைப் பிடித்து இழுத்தால் அதுதான் முதலில் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள்.

அடுத்து 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. சோப்புக் காய்ச்சும் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். 10 கிராமைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்து 100 மில்லி ஆக்குங்கள். தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடாது, அரித்து ஹைட்ரஜன் கிளம்பும். வேரைக் கண்ணாடிக் குப்பியில் இந்தக் கரைசலோடு போட்டு, 90 டிகிரி வெந்நீரில் நிறுத்துங்கள். இளம் வேருக்கு 15 நிமிடம். முற்றிய கத்தரி வேருக்கு முக்கால் மணி வரை போகும். வேர் கண்ணாடி போலத் தெளிந்ததும் எடுங்கள். பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் இதுதான்: குறைந்தால் வேரின் பழுப்பு சாயத்தை மறைக்கும், மிஞ்சினால் புறணி (வேரின் வெளிச்சதை) குழைந்து கழன்றுவிடும், பூஞ்சையும் அதோடு போய்விடும்.

மூன்று நான்கு முறை அலசி, கடைசி அலசலை வினிகரில் செய்யுங்கள். காரம் மிச்சமிருந்தால் சாயம் பிடிக்காது. 95 மில்லி வினிகரில் 5 மில்லி மை கலந்து, கொதிநிலையில் மூன்று நிமிடம். ஊற்றுப் பேனாவின் மைதான் வேண்டும். ஷெஃபர் நிறுவனத்தின் கறுப்பு மை நன்றாகப் பிடிக்கும். சில மைகள் பிடிக்காது. பிறகு சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் 20 நிமிடம் வைத்தால் வேரின் நிறம் வெளுத்து, பூஞ்சை மட்டும் நிற்கும். கிளிசரின் ஒரு துளி விட்டு ஸ்லைடில் மெல்ல அழுத்துங்கள்.

புறணிச் செல்லுக்குள் குட்டி மரம் போலக் கிளைத்து நிற்பது ஆர்பஸ்கூல். உணவுப் பரிமாற்றம் நடப்பது அங்கேதான். முட்டை வடிவப் பைகள் வெசிக்கிள். ஆர்பஸ்கூலின் ஆயுள் சில நாள்தான், அதனால் முதிர்ந்த வேரில் பை மட்டுமே தெரியலாம். இழையில் வரிசையாகக் குறுக்குச் சுவர் தெரிந்தால் அது வேறு பூஞ்சை, கணக்கில் சேர்க்காதீர்கள்.

மண்வாசி:
மேலே சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் வேரில் பூஞ்சை தெரிவதாலேயே தூள் வேலை செய்தது என்று ஆகாது. கரும்பு வேரிலும் இதே வகைப் பூஞ்சை வாழும். உங்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கும். அதனால் ஒப்பீடு வேண்டும். பத்துச் செடிக்குத் தூள். பத்துச் செடிக்கு அதே தூளைப் பிரஷர் குக்கரில் அரை மணி அவித்து, ஆறவைத்து, அதே அளவு. அவித்ததைப் போடாமல் வெறுமனே விட்டால், தூளில் கலந்துள்ள சத்து செய்த வேலையைப் பூஞ்சையின் கணக்கில் எழுதிவிடுவோம். கன்றுகளை மாற்றி மாற்றி நடுங்கள், ஒரு பக்கம் நிழல் விழுந்தாலும் கணக்குக் கெடாது. எண்ணும்போது, அடியில் அரை அங்குலக் கட்டம் வரைந்த தட்டில் வேரைப் பரப்பி, வேர் கோட்டை வெட்டும் இடங்களில் குறைந்தது 100 பாருங்கள். நூற்றுக்கு எத்தனையில் பூஞ்சை உண்டோ அதுவே சதவீதம்.

எனக்குக் கவலை தருவது உங்கள் கோழி எரு. அதில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம். மணிச்சத்துக்கு ஏங்கும் செடிதான் வேரிலிருந்து ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற சுரப்பைக் கசியவிட்டுப் பூஞ்சையை அழைக்கும்; அது பூஞ்சை இழையைக் கிளைக்க வைப்பதை ஜப்பானில் அகியாமா குழுவினர் 2005-இல் காட்டினார்கள். வயிறு நிறைந்த செடி அழைக்காது. வந்த பூஞ்சைக்கும் சர்க்கரையைக் குறைத்துவிடும். ஆகவே முதலில் மண் பரிசோதனை. சிடாராவில் உள்ள அரசு மண் ஆய்வகத்துக்கு 15 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணைப் பல இடத்தில் எடுத்துக் கலந்து அனுப்புங்கள். மணிச்சத்து ஏற்கெனவே மிகுதி என்று வந்தால் தூளுக்குச் செலவழிக்காதீர்கள். கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி ஊற்றிய பாத்தியிலும் ஒப்பீடு வேண்டாம், அது இந்தப் பூஞ்சையையும் அடக்கும்.

வாங்கினால், பொட்டலத்தில் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் உரச் சட்டப்படி பதிவு எண், பூஞ்சையின் பெயர், காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். குழியின் ஓரத்தில் தூவாமல், வேர் தொடும் இடத்தில் போடுங்கள்.

டோங்காட் தோட்டம்:
இருவருக்கும் நன்றி. பைன் மண்? முட்டைக்கோஸ் பாத்திக்கும் தூள் போடலாமா?

வேர்நோக்கி:
பைன் மண் உதவாது அண்ணா. பைன் வேரில் இருப்பது வேறு இனம். வேர்நுனிக்கு உறை போட்டு, செல்களுக்கு இடையில் மட்டும் நுழையும். மழைக்குப் பின் பைனடியில் முளைக்கும் பல காளான்கள் அதனுடையவை. மிளகாயோடு அது சேராது.

முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட், தண்டுக்கீரை எதற்கும் தூள் வீண். இவை இந்தப் பூஞ்சையோடு கூட்டுச் சேரும் குடும்பங்கள் அல்ல. வேலியோரம் புரோட்டியா இருந்தால் அதற்கும் போடாதீர்கள், கோழி எருவையும் காட்டாதீர்கள். அது கொத்து வேரால் தானே மணிச்சத்தைக் கரைத்து எடுக்கும், மிஞ்சினால் கருகும்.

முட்டைக்கோஸ் எடுத்த பாத்தியில் அடுத்ததாக மிளகாய் நடுவதானால், நடுவில் ஒரு பருவம் சோளமோ அவரையோ போடுங்கள். வேர் கிடைக்காத மண்ணில் பூஞ்சை குறைந்துபோயிருக்கும். சோள வேர் அதை மறுபடி பெருக்கித் தரும். அறுக்கும்போது தட்டையை மட்டும் அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள், ஆழ உழ வேண்டாம்.