தெருவில் வசூலித்த 23,450 ரூபாயைப் படைவீரர்களிடம் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: துணிக்கடை ஊழியர், பழைய வண்ணாரப்பேட்டை

பாகிஸ்தான் எல்லையில் சண்டை மூண்ட மறுநாள், 2025 மே 8, எங்கள் தெருப் பையன்கள் எவர்சில்வர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். மூன்று நாளில் 23,450 ரூபாய். இப்போது சண்டை நின்றுவிட்டது, பணம் என் பீரோவில் இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

முனையில் இட்லி விற்கும் ஆயா பதினோரு பத்து ரூபாய்க் காசுகளை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார். காசெல்லாம் மாவுப் பிசுக்கு. "இது அந்தப் புள்ளைங்க கைக்குப் போவுமா?" என்று கேட்டார். போகும் என்று சொல்லிவிட்டேன். எப்படிப் போகும் என்று எனக்கே தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வங்கிக் கணக்கு எண் சுற்றுகிறது, ராணுவத்துக்கு ஆயுதம் வாங்க அமைச்சரவையே தொடங்கியது என்று. அதில் போடலாமா?

பதில் 1: வங்கி ஊழியர், தண்டையார்பேட்டை

போடாதீர்கள் அண்ணே. அந்தச் செய்தி தவறு என்று பாதுகாப்பு அமைச்சகம் ஏப்ரல் கடைசியிலேயே சொல்லிவிட்டது. அதில் உள்ள கணக்கு விவரமும் சரியில்லை.

அரசு நிதிகள் இருக்கின்றன. தேசிய பாதுகாப்பு நிதி 1962 சீனப் போரின்போது தொடங்கியது, பிரதமர் தலைமையிலான குழு நடத்துகிறது. பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்த காலம் அது. சண்டையில் இறந்தவர், ஊனமானவர் குடும்பங்களுக்கென்றே பாதுகாப்பு அமைச்சகத்தில் தனி நிதி உண்டு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்தியக் காவல் படை வீரர் குடும்பங்களுக்கு 2017-இல் தொடங்கிய 'பாரத் கே வீர்'. எதுவானாலும் வந்த இணைப்பைத் தொடாமல், அரசு இணையதளத்துக்கு நீங்களே போய்க் கட்டுங்கள். ரசீது ஒருவர் பெயரில்தான் வரும், அதைத் தெருவில் எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஹவில்தார், கொடுங்கையூர்

தம்பி, அந்த ஆயாவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

சண்டை நடக்கும்போது எங்களுக்குச் சோறு, துணி, தோட்டா எல்லாம் அரசு கொடுத்துவிடும். பிஸ்கட் பாக்கெட் அனுப்பவேண்டிய நிலை இல்லை. குறை வருவது அப்புறம். என்னோடு இருந்த ஒருவனுக்குக் கார்கிலில், 1999-இல், முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. நாலு வருஷம் கழித்து, புனே பக்கம் கிர்க்கியில் உள்ள முடநீக்கு மையத்தில் போய்ப் பார்த்தேன். சக்கர நாற்காலியைத் தள்ளித் தள்ளி இரண்டு உள்ளங்கையும் காய்ப்புக் காய்த்திருந்தது. கை கொடுத்தபோது மரத்தைத் தொட்ட மாதிரி. சிரித்துக்கொண்டே, "வா, கூடைப்பந்து ஆடலாம்" என்றான். அந்த மையத்துக்குக் கொடிநாள் நிதியிலிருந்து உதவி போகிறது. விதவைகள், பிள்ளைகள் படிப்பு, பெண் கல்யாணம் இதற்கும் அதிலிருந்துதான்.

1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். கொடியில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம், மூன்று படைக்கும். பள்ளியில் சட்டையில் குத்திக்கொண்டிருப்பீர்கள். பலர் அந்த ஒரு நாள்தான் வாங்குவார்கள் என்று நினைக்கிறார்கள், வருஷம் முழுக்கக் கொடுக்கலாம். டெல்லியிலுள்ள கேந்திரிய சைனிக் போர்டு, அதாவது மத்தியப் படைவீரர் வாரியத்தின் இணையதளத்தில் கட்டலாம். நேரில் கேட்க வேண்டுமானால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, நன்றி. நேற்று இரவு தெருவில் எல்லோரையும் கூட்டிப் பேசினோம். பாதி கொடிநாள் நிதிக்கு, பாதி பாதுகாப்பு அமைச்சகத்தின் அந்தத் தனி நிதிக்கு என்று முடிவாயிற்று. இரண்டையும் கட்டிவிட்டு, ரசீதுகளைப் பிரிண்ட் எடுத்து பிள்ளையார் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒரு நகலை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் நண்பரின் கையைப் பற்றியும் சொன்னேன். வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார். அப்புறம் காகிதத்தை வாங்கி நாலாக மடித்து, அதே மஞ்சள் துணியில் முடிந்து வைத்துக்கொண்டார்.