58க்கு 58: ரெண்டாவது யாரு, பரிசுக் காசை எப்படிப் பிரிக்கிறது?

சிங்கமலைச்சுரங்கம்
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ஹட்டன்ல நடந்த பப்ஜி மொபைல் (நாலு பேர் டீமா இறங்கி, கடைசி வரைக்கும் உயிரோட நிக்கிற டீம் ஜெயிக்கிற போன் கேம்) போட்டிக்கு கேமுக்குள்ள ரூம் போட்டதும் பொயின்ட் எழுதினதும் நான்தான். அடுத்த போட்டி வர்றதுக்குள்ள ரெண்டு விசயத்தைப் பேசி முடிச்சிடணும்.

வராதவங்களுக்காகச் சொல்றேன். 16 டீம். டீமுக்கு 2,000 ரூபா கட்டணம், அது 32,000. டவுன்ல ஒரு போன் கடைக்காரர் 28,000 குடுத்தாரு. மொத்தம் 60,000. முதலாவதுக்கு 30,000, ரெண்டாவதுக்கு 15,000, மூணாவதுக்கு 9,000, நாலாவதுக்கு 6,000. மத்த 12 டீமுக்கும் ஒண்ணுமில்ல.

ஆறு மேட்ச் முடிஞ்சப்போ ஹட்டன் டீம் 77 பொயின்ட். தலவாக்கலை 58, பண்டாரவளையும் 58. சமமா வந்தா சிக்கன் டின்னர் (ஒரு மேட்ச்ல முதலாவதா முடிக்கிறது) எடுத்த டீம்தான் மேலன்னு விதியில இருந்திச்சு. தலவாக்கலைக்கு ஒண்ணு இருக்கு, பண்டாரவளைக்கு இல்ல. 15,000 ஒருத்தருக்கு, 9,000 இன்னொருத்தருக்கு. அன்னைக்கு மண்டபத்துல வந்த சண்டை இன்னும் ஆறல.

ரெண்டாவது விசயம். அடுத்த முறை எட்டு டீமுக்கு நேரடி ஸ்லொட் (இடம்). எதை வச்சு எட்டைத் தெரிவு செய்றது?

மேல்கணக்கு
விதி முன்னுக்கே எழுதி ஒட்டியிருந்திச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. தோத்த பிறகு விதியை மாத்தச் சொல்றது நியாயமில்ல.

பரிசு மேல பெருசா இருந்தாத்தான் போட்டி போட்டியா இருக்கும். 2021ல டோட்டா 2ங்கிற கம்பியூட்டர் கேமோட உலகப் போட்டி ‘த இன்டர்நெஷனல்’ல மொத்தப் பரிசு நாலு கோடி டொலர். ஜெயிச்ச ‘டீம் ஸ்பிரிட்’ங்கிற டீம் மட்டும் ஒரு கோடியே 82 லட்சம் எடுத்துட்டுப் போச்சு. ரெண்டாவது வந்த டீமுக்கு 52 லட்சம். யாரும் அநியாயம்னு சொல்லல. உலகமே அந்தக் காசைப் பார்த்துத்தான் அந்தப் போட்டியைப் பார்த்திச்சு. நம்ம 30,000 இருந்தாத்தான் கண்டியில இருந்து நல்ல டீம் மேல ஏறி வரும். அவங்களோட மோதினாத்தான் நம்ம பயலுகளும் வளருவாங்க.

கொழுந்துக்கூடை
தம்பி, அந்த நாலு கோடில பெரும்பங்கு ரசிகர்கள் கேமுக்குள்ள காசு குடுத்து வாங்கினதுல இருந்து வந்தது. அந்த விற்பனையைச் சுருக்கினதும் 2023ல அதே போட்டியோட பரிசு கிட்டத்தட்ட 30 லட்சத்துக்கு இறங்கிடுச்சு. நம்ம 60,000ல 32,000 யாரு காசு? விளையாட வந்த பிள்ளைங்களோட காசு. கடைசியா வந்த டீம் கட்டின 2,000த்தை எடுத்து முதலாவது வந்தவனுக்குக் குடுக்கிறோம். அதைத்தான் நான் கேக்குறேன்.

என் தம்பி டீம் அக்கரபத்தனையில இருந்து வந்திச்சு. 11ஆவது. கட்டணத்துல ஆளுக்கு 500, பஸ் காசு, மத்தியானம் ரொட்டியும் பிளேன்டீயும். திரும்பிப் போறப்போ நாலு பேர் கையையும் சேர்த்து 140 ரூபா இருந்திச்சு. அடுத்த போட்டிக்கு வரமாட்டேன்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. விளையாடத் தெரியாம இல்ல. இன்னொரு 2,000த்துக்கு வழியில்ல.

மேல்கணக்கு
அக்கா, உங்க கவலை புரியுது. ஆனா எல்லாருக்கும் காசு குடுத்தா என்ன நடக்கும்னு பாத்திருக்கேன். பேரைக் குடுத்துட்டு ஒரு மேட்ச் விளையாடி, மீதிக்கு ஒளிஞ்சு கிடந்துட்டுப் போவாங்க. உழைச்சவனுக்கும் உழைக்காதவனுக்கும் ஒரே காசுன்னா உழைச்சவன் ஏன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பயிற்சி எடுக்கணும்?

தேயிலை மலையிலயும் அதுதானே. கூடக் கொழுந்து எடுக்கிறவங்களுக்கு மேல்கிலோ காசு உண்டு. எடுக்காதவங்களுக்கு இல்ல.

கொழுந்துக்கூடை
நீங்களே மலையை இழுத்துட்டீங்க, அப்ப முழுசாப் பேசுவோம். எங்கம்மா 26 வருசமா கொழுந்து எடுக்கிறாங்க. முதல்ல பேர் விழணும். சொன்ன கிலோ எடுத்தா அன்னைக்குப் பேர். அதுக்குச் சம்பளம்: 2021ல 1,000 ரூபா, 2024ல 1,350. அதுக்கு மேல எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும்தான் மேல்காசு. பேர் இல்லாம மேல்கிலோ மட்டும் குடுக்கிறேன்னு ஒரு துரை சொன்னா நம்ம ஆளுங்க மலைக்கு ஏறுவாங்களா?

நான் சரிசமமாப் பிரிக்கச் சொல்லல. முதல்ல பேர் போடுங்க, பிறகு மேல்கிலோ. ஒளிஞ்சு கிடப்பாங்கன்னு பயந்தா ஆறு மேட்சும் முழுசா விளையாடின டீமுக்கு மட்டும் குடுங்க. கிலோ குறைஞ்சா அரைப்பேர்தானே? பாதியில போனா பாதி.

2019ல நியூயோர்க்ல போர்ட்நைட்ங்கிற கேமோட உலகக் கிண்ணம் நடந்திச்சு. தகுதி பெற்று வந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஆகக் குறைஞ்சது 50,000 டொலர். தனிநபர் போட்டியில ஜெயிச்ச 16 வயசுப் பையனுக்கு 30 லட்சம். கீழ இருக்கிறவனுக்குக் குடுத்ததால மேல இருக்கிறவன் ஆட்டம் குறைஞ்சு போகல.

தலவாக்கலை_ஸ்னைப்பர்
நான் ரெண்டாவது வந்த டீம்ல விளையாடினவன். அன்னைக்கு மண்டபத்துல எங்களைத் திருடங்க மாதிரிப் பேசினது வலிக்குது. 38 கில் எடுத்திருக்கோம், அதாவது எதிர் டீம் ஆளுங்க 38 பேரை வீழ்த்தியிருக்கோம். பண்டாரவளை 28. முதல் மேட்ச்ல கடைசி வட்டத்துல மூணு டீமை அடிச்சு சிக்கன் டின்னர் எடுத்தோம். ஒளிஞ்சு ஒளிஞ்சு நாலாவது வர்றதும் அதுவும் ஒண்ணா?

பண்டாரவளை_அஞ்சாவது
ஒளியல அண்ணே. ஆறு மேட்ச்லயும் எங்க இடம் 2, 3, 4, 3, 2, 4. ஒரு மேட்ச்லகூட நாலுக்குக் கீழ இறங்கல. உங்களுக்கு 1, 14, 7, 2, 15, 5. ரெண்டு மேட்ச்ல நீங்க தரை இறங்கின கொஞ்ச நேரத்துலயே வெளிய. எது திறமைன்னு நீங்களே சொல்லுங்க.

வெலிமடை, நுவரெலியான்னு பஸ் மாறி வந்தோம். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டது.

கணக்குவாத்தியார்
ரெண்டு பேர் சொல்றதும் சரி. கொஞ்சம் பொறுமையா வாசிங்க, இங்க சண்டை ஆளுங்களுக்குள்ள இல்ல, அட்டவணையில இருக்கு.

நாம எடுத்த முறை, இப்ப பெரிய பப்ஜி மொபைல் போட்டிகள்ல நடக்கிற முறை: இடத்துக்கு 10, 6, 5, 4, 3, 2, 1, 1, பிறகு கில்லுக்கு ஒண்ணு. இதுபடி தலவாக்கலைக்கு இடத்துக்கு 20, கில்லுக்கு 38. பண்டாரவளைக்கு 30, 28. ரெண்டும் 58.

சில வருசத்துக்கு முந்தி அதே கேம்ல 15, 12, 10, 8, 6, 4, 2ன்னு இருந்திச்சு. அந்த அட்டவணையில போட்டுப் பாருங்க. தலவாக்கலைக்கு 15ம் 2ம் 12ம் 6ம், ஆக 35. கில்லோட 73. பண்டாரவளைக்கு 60. கில்லோட 88. பதினஞ்சு புள்ளி வித்தியாசத்துல பண்டாரவளை ரெண்டாவது. ஹட்டன் டீம் ரெண்டுலயும் முதலாவதுதான், அதையும் போட்டுப் பாத்துட்டேன்.

அதே ஆறு மேட்ச், அதே விளையாட்டு. சண்டை போட்டவனுக்குக் கூடக் குடுக்கணுமா, நின்னு பிடிச்சவனுக்குக் கூடக் குடுக்கணுமான்னு அட்டவணை எழுதினவர் முன்னுக்கே முடிவெடுத்துட்டாரு. அந்த முடிவு சமமா முடிஞ்ச இடத்துல, ஒரு சிக்கன் டின்னருக்காக 6,000 ரூபா வித்தியாசம் வைக்கிறது எனக்குச் சரியாப் படல.

செஸ்ல இதுக்கு ஒரு வழி இருக்கு. ஹோர்ட் முறைம்பாங்க. சமமா வந்தவங்களோட பரிசுல பாதியை இடத்தின்படி குடுக்கிறது, மறுபாதியைச் சேர்த்துச் சமமாப் பிரிக்கிறது. 15,000ல பாதி 7,500, 9,000ல பாதி 4,500. மீதி 12,000த்தை ஆளுக்கு 6,000. தலவாக்கலைக்கு 13,500, பண்டாரவளைக்கு 10,500. சிக்கன் டின்னருக்கும் மரியாதை இருக்கு, 58க்கும் மரியாதை இருக்கு.

தலவாக்கலை_ஸ்னைப்பர்
13,500ன்னா எனக்குச் சம்மதம் சேர். ஆனா அடுத்த போட்டியில இருந்து. வாங்கின காசைத் திருப்பிக் குடுக்கச் சொன்னா முடியாது. ஒருத்தன் ஏற்கெனவே போன் டிஸ்பிளே மாத்திட்டான்.

மேல்கணக்கு
சமமா வந்தா ஹோர்ட் முறை, அதுக்கு நானும் ஒத்துக்கிறேன். முன்னுக்கே எழுதி வைக்கணும், அவ்வளவுதான்.

ஸ்லொட் விசயத்துக்கு வாங்க. இதுவரைக்கும் ஒவ்வொரு டீமும் ஜெயிச்ச பரிசுக் காசைக் கூட்டி மேல இருக்கிற எட்டு டீமை எடுப்போம். காசு பொய் சொல்லாது. கவுன்டர் ஸ்ட்ரைக்ங்கிற கேம்ல, அதைச் செஞ்ச வால்வ் கம்பனி போடுற தரவரிசையிலயும் பரிசுக் காசு கணக்குல வருது.

கணக்குவாத்தியார்
வருது, ஆனா சும்மா கூட்டல் இல்ல. பழைய வெற்றிக்கு மதிப்பு தேஞ்சுகிட்டே வரும், கடைசி ஆறு மாசம்தான் கணக்கு. நீங்க அடிச்ச டீம் எவ்வளவு பெரிய டீம்னும் பாக்கிறாங்க. சும்மா கூட்டினா, கூடப் போட்டிக்குப் போக வசதி உள்ள டவுன் டீம்தான் மேல வரும். அது திறமையை அளக்கிறதில்ல, பஸ் காசை அளக்கிறது.

ஈலோ முறையைப் பாருங்க. ஹங்கேரியில பிறந்து அமெரிக்காவுல பௌதிகம் படிப்பிச்ச ஆர்பாட் ஈலோ செஸ்ஸுக்காக உருவாக்கினது. உலக செஸ் சம்மேளனம் 1970ல ஏத்துக்கிச்சு. அடிப்படை லேசு. உங்களை விட 200 புள்ளி கூட உள்ளவனோட மோதினா, அவன் நூத்துக்கு 76 தடவை ஜெயிக்கணும்னு கணக்கு சொல்லும். அவனை அடிச்சா உங்களுக்கு நிறையப் புள்ளி, தோத்தா கொஞ்சம்தான் போகும். 16 டீம் மேட்ச்ல உங்களுக்குக் கீழ முடிச்ச ஒவ்வொரு டீமையும் நீங்க அடிச்சதா, மேல முடிச்ச ஒவ்வொரு டீமும் உங்களை அடிச்சதா எடுத்தாப் போதும். ஒரு மேட்சுக்குள்ள 15 கணக்கு. எக்செல் ஷீட் நான் செஞ்சு தர்றேன்.

பண்டாரவளை_அஞ்சாவது
சேர், ஒரு சந்தேகம். நாங்க ஊவாப் பக்கம். பசறை, ஹாலிஎல, பதுளை டீமோடதான் கிழமைக்குக் கிழமை விளையாடுறோம். ஹட்டன் பக்கம் வருசத்துக்கு ஒரு தடவை வந்தாப் பெருசு. எங்க புள்ளி எப்படி ஏறும்?

கணக்குவாத்தியார்
கேக்க வேண்டிய கேள்வி. ஈலோவுல ஒருத்தன் இழக்கிற புள்ளியைத்தான் இன்னொருத்தன் எடுக்கிறான். நீங்க ஊவா டீம்கள் உங்களுக்குள்ளயே விளையாடினா புள்ளி கைமாறுமே தவிர மொத்தம் ஏறாது. 1,500ல தொடங்கினா சராசரி 1,500லயே நிக்கும். ஹட்டன் பக்கமும் அப்படியேதான். ரெண்டு பக்கத்து 1,600ம் ஒரே 1,600 இல்ல. ரெண்டு மலைக்கு நடுவுல பாலம் வேணும்: மாசத்துக்கு ஒரு தடவையாவது ரெண்டு பக்கத்து டீமும் கலந்து ஒன்லைன்ல விளையாடணும். அது இல்லாம எட்டு ஸ்லொட்டையும் ஒரே பட்டியல்ல எடுத்தா உங்களுக்கு அநியாயம். அதுவரைக்கும் ஹட்டன் பக்கம் அஞ்சு, ஊவாவுக்கு மூணுன்னு வைக்கலாம்.

மேல்கணக்கு
கோட்டா வேணாம் சேர். கோட்டான்னு வந்துட்டா யாரு மாமன், யாரு மச்சான்னுதான் போகும்.

கொழுந்துக்கூடை
டீமோட புள்ளி யாருக்குச் சொந்தம்? தம்பி டீம்ல போன வருசம் விளையாடின ரெண்டு பேர் இப்ப கொழும்புல, ஒருத்தன் சாப்பாட்டுக் கடை, ஒருத்தன் துணிக்கடை. பேர் மட்டும் அப்படியே இருக்கு. நாளைக்கு நாலு பேரும் போயிட்டா, அந்தப் பேரை வச்சிருக்கிறவனுக்கு ஸ்லொட்டா?

கணக்குவாத்தியார்
நாலுல மூணு பேர் அதே ஆளா இருந்தாத்தான் புள்ளி தொடரணும். ரெண்டு பேர் மாறினா பாதிப் புள்ளி. இல்லன்னா பேரை விக்கிற வியாபாரம் தொடங்கிடும்.

பண்டாரவளை_அஞ்சாவது
டீமுக்குள்ள பிரிக்கிறதைப் பத்தி யாரும் பேசல. நான் அஞ்சாவது ஆள். சப், அதாவது மாற்று ஆள். போட்டியன்னைக்கு ஒரு மேட்ச்கூட விளையாடல. ஆனா மூணாவது மேட்ச் முடியிறப்போ எங்க லீடர் போன் சூடாகி திரை மஞ்சளாப் போயிடுச்சு, தொட்டாலும் பிடிக்கல. என் போனைக் குடுத்தேன். அக்கா டுபாய்ல இருந்து அனுப்பினது, வலது பக்க மூலையில மாத்திரம் ஒரு கீறல். அவன் பெருவிரலுக்கு முகப்பவுடரைத் தேச்சுக்கிட்டு மீதி மூணு மேட்சும் அதுலதான் விளையாடினான். நான் பின்னால நின்னு பவர் பேங்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், வயர் லூஸ், கையெடுத்தா சார்ஜ் நிக்கும்.

9,000 வந்ததும் லீடர் யாரையும் கேக்கல. ஆளுக்கு 1,800ன்னு அஞ்சாப் பிரிச்சான். மத்த டீம்ல அப்படி இல்ல. பரிசு வாங்கிறப்போ நாலு பேரைத்தான் மேடைக்குக் கூப்பிட்டாங்க, சான்றிதழும் நாலுதான்.

தலவாக்கலை_ஸ்னைப்பர்
எங்க சப்புக்கு நாங்க சாப்பாடு மட்டும்தான் வாங்கிக் குடுத்தோம். அவனும் எங்களோட தினம் ராத்திரி பயிற்சிக்கு வந்தவன். இதை வாசிச்ச பிறகு மனசு சரியில்ல. இந்தக் கிழமை பேசுறேன் அவன்கிட்ட.

சிங்கமலைச்சுரங்கம்
எல்லாத்தையும் வாசிச்சேன். அடுத்த போட்டிக்கு நான் வைக்கிற கணக்கு: முதலாவதுக்கு 21,000, பிறகு 12,000, 9,000, 6,000. இது 48,000. மீதி 12,000த்தை மத்த 12 டீமுக்கும் 1,000 வீதம், ஆறு மேட்சும் விளையாடியிருந்தா. பாதியில போனா 500, மிஞ்சிறது அடுத்த போட்டிக்கு. சமமா வந்தா ஹோர்ட் முறை. ஸ்லொட்டுக்கு சேரோட ஷீட், நாலுக்கு மூணு பேர் விதியோட. ஊவா டீமோட கலந்து விளையாட மாசக் கடைசி ஞாயிறு ரூம் நான் போடுறேன். கோட்டா விசயத்தை ரெண்டு மாசம் ஷீட்டைப் பாத்துட்டுப் பேசுவோம்.

மேல்கணக்கு
30,000த்தை 21,000 ஆக்கினதுக்கு நான் இன்னும் எதிர்தான். கண்டி டீம் வரலைன்னா அதைப் பதிஞ்சு வைங்க, அடுத்த கூட்டத்துல கேப்பேன். மத்ததுக்குச் சம்மதம்.

கொழுந்துக்கூடை
ஆயிரம் பஸ் காசுக்குப் போதாது, ஆனா தம்பிகிட்ட சொல்லிட்டேன். வர்றாங்க.

பண்டாரவளை_அஞ்சாவது
அண்ணே, பதிவுப் படிவத்துல நாலு கோடுதான் இருக்கு. அஞ்சாவது பேர் எழுத இடம் வேணும்.

சிங்கமலைச்சுரங்கம்
போட்டுட்டேன் தம்பி. சான்றிதழும் அஞ்சு அடிக்கச் சொல்லியிருக்கேன்.